கன்னம் உப்பிய மாதம்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவர் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரிப்பார். குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்க்கும் ரத்த நோய்களுக்கும் வைத்தியம் செய்கிறேன் என்பேன். அவர் கையிலிருக்கும் அப்பளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றுவிடும். "எப்படிங்க தாங்கறீங்க?" என்பார். இத்தனை வருடங்களில் இந்தக் கேள்வி ஒரு எழுத்துகூட மாறவில்லை. முன்பெல்லாம் உட்கார்ந்து விளக்கிச் சொல்வேன். இப்போது, "நல்லாத்தான் தாங்கறேன். ரசம் வருது பாருங்க, இலையில குழி பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

திமிரில் சொல்வதில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். எங்கள் வார்டுக்கு ரத்தப் புற்றுநோயோடு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள், வைத்தியத்தை முழுசாக முடித்தால், பிழைத்து எழுந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். மீசை முளைத்து வந்து நிற்கிறார்கள். ஒருத்தி தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, பழைய ஃபைலுக்குள்ளேயே ஒன்றைச் செருகிவிட்டுப் போனாள். முழுசாக முடித்தால் என்கிற அந்த இரண்டு வார்த்தைகளில்தான் எங்கள் பாடெல்லாம் இருக்கிறது. நான் சொல்லவந்ததும் அதைப் பற்றித்தான்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். ஜவ்வாது மலை எங்களுக்குக் கிழக்கே இருந்தது. காலையில் சூரியன் அதன் பின்னாலிருந்துதான் ஏறி வரும். மலைக்காரர்கள் புளியும் பலாப்பழமும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வருவார்கள், விற்றுவிட்டு மறுபடி ஏறிப் போய்விடுவார்கள். நாங்கள் யாரும் மேலே போனதில்லை. தினமும் கண்ணில் படுகிற மலையில் முப்பத்தெட்டு வயது வரை நான் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

குழந்தை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டு மாதம் ரத்த நோய் வார்டில் போட்டார்கள். அங்கேதான் ஒரு பிள்ளையின் ரத்தத்தை நுண்ணோக்கியில் நானே முதன்முதலாகப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக வட்ட வட்ட அணுக்கள் பரவியிருக்க வேண்டிய இடத்தில், பெரிய பெரிய ஊதா அணுக்கள் இடித்துக்கொண்டு நின்றன. இருக்கக் கூடாதவை. ஒரு மாத வைத்தியத்துக்குப் பிறகு அதே பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றைக்கூடக் காணவில்லை. ஒரு நோய் இருந்ததையும் போனதையும் இப்படிக் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற வேலை வேறு எங்கே இருக்கிறது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா, "பிரசவம் பாக்குற டாக்டரா ஆயிருந்தா ஊர்ல நாலு பேரு சந்தோஷமா வந்து கூப்டுவாங்க" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினாள்.

வேலையில் எனக்குக் கை வந்தது. முதுகுத்தண்டில் ஊசி போடும்போது பிள்ளை அழாமல் போடுவேன். மருந்தின் அளவை இம்மி பிசகாமல் கணக்கிடுவேன். மற்றவர்கள் தவறவிடுவதை ஸ்லைடில் பிடித்துவிடுவேன் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைப்பானேன்.

ஆனால் அந்த ஆரம்ப வருடங்களில் ஒன்று நடந்தது. மலையிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதல் மாத வைத்தியத்தில் நன்றாகத் தேறியது. வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டு தடவை போன் செய்து பார்த்தேன். எடுக்கவில்லை. ஃபைலில் 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். நாலு மாதம் கழித்து அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியிருந்தது. எங்களால் காப்பாற்ற முடியவில்லை. ஃபைலைக் கட்டிவைக்க எடுத்தபோது என் கையெழுத்தில் அந்த ஒற்றைச் சொல் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வரவில்லை என்று எழுதத் தெரிந்த எனக்கு, நான் போகவில்லை என்பது உறைக்க அவ்வளவு நாள் ஆகியிருந்தது. இனி ஒரு பிள்ளை வராவிட்டால் நான் போவது என்று அன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

அப்படிப் போக வேண்டிய நாள் ஒரு ஒன்பது வயதுச் சிறுமியால் வந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கிராம நர்ஸ். நாற்பது வயதிருக்கும், ஸ்கூட்டரில் மலைக் கிராமங்களையெல்லாம் சுற்றுகிறவர். சிறுமிக்குப் பதினைந்து நாளாகக் காய்ச்சல். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத்தாள். கையிலும் முதுகிலும் கருநீலத் திட்டுகள். நர்ஸ் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட்டு, பெற்றவர்களையும் பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எப்போதிலிருந்து சோர்வு, பல்லில் ரத்தம் வந்ததா, இந்தக் காயமெல்லாம் எப்படி வந்தது, யாராவது அடித்தார்களா. கடைசிக் கேள்வியை எல்லோரிடமும் கேட்போம். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டு, "ஆட்டுக்குப் பின்னாடி ஓடி எங்கனா வுழுந்திருப்பாங்க, இவ ஒரு எடத்துல நிக்கமாட்டா" என்றாள். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேலே போய்விட்டேன். எதையும் தவறவிடாதவள் என்று பெயரெடுத்தவள் அன்றைக்குத் தவறவிட்டது ஸ்லைடில் இல்லை, எதிரே நின்ற மனிதரின் முகத்தில்.

ரத்தப் புற்றுநோய்தான். பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற வகை, நன்றாகக் குணமாகிற வகையும்கூட. மறுநாளே வைத்தியத்தைத் தொடங்கினோம். வாரம் ஒரு ஊசி, நடுநடுவே முதுகில் ஊசி, தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. அந்த மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பிவிடும். முதல் வாரம் இரண்டு வாய்க்கு மேல் இறங்காத பிள்ளை, மூன்றாம் வாரம் விடிவதற்குள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரிச் சோற்றோடு அவளுக்குச் சண்டை.

"இது இன்னா சோறு? பஞ்சு மாதிரி கீது. வாயில வெச்சா ஒண்ணுமே இல்ல" என்றாள் என்னிடம்.

"வேற எந்தச் சோறு வேணும் உனக்கு?"

"சாமச் சோறு. எங்க வூட்டுது."

அவள் அம்மா ஊரிலிருந்து சாமை அரிசி வரவழைத்து, ஆஸ்பத்திரியில் பெற்றவர்களுக்கென்று இருக்கும் தங்குமிடத்து அடுப்பில் பொங்கி எடுத்துவந்தாள். அதன்பிறகு சிறுமியின் கன்னம் நாளுக்கு நாள் உப்பியது. அந்த மாத்திரை பசியைக் கிளப்புவதோடு முகத்தையும் பூரி மாதிரி உருட்டிவிடும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வடிந்துவிடும். இது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாதக் கடைசியில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தோம். கெட்ட அணு ஒன்றுகூட இல்லை. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களைக் கூப்பிட்டு, "ரத்தத்துல கெட்ட அணு ஒண்ணுமே இல்ல. நல்லா வேல செஞ்சிருக்கு மருந்து. பத்து நாள் வூட்டுக்குப் போய்ட்டு, அடுத்த வெள்ளிக்கெழம தாண்டி மறு வெள்ளிக்கெழம வந்துடுங்க. அடுத்த கட்ட வைத்தியம் ஆரம்பிக்கணும்" என்றேன். நான் நாலு வாக்கியம் சொன்னேன். அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது முதல் வாக்கியத்தை மட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. கிராம நர்ஸ் ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் பேசினார்.

"மேடம், அவங்க அப்பா வரமாட்டேன்றாரு. பாப்பா நல்லா குண்டா கீது. கன்னத்தப் பாத்து ஊரே சொல்லுது, சரியாப் போச்சுன்னு. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

"அம்மா இன்னா சொல்றாங்க?"

"அவங்களுக்கு மனசு கீது. அவரு வாயே தெறக்கமாட்டேன்றாரு மேடம். கோவமா இருந்தாக்கூட பேசலாம். அவரு கோவமும் படல."

"ஞாயித்துக்கெழம நான் வர்றேன்" என்றேன்.

வைத்தியச் செலவு அரசுக் காப்பீட்டில் போகிறது, ஆகவே அது காரணமில்லை. நோய் இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது புரியவில்லை, அதுதான் காரணம் என்று தீர்மானித்துக்கொண்டேன். சனிக்கிழமை அம்மா வீட்டில் தங்கினேன். விளக்கிச் சொல்வதற்கு ஒரு உவமையும் தயார் செய்தேன். மலையில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும். மேலே வெட்டினால் போதாது, வேரோடு எடுக்காவிட்டால் மழைக்கு மறுபடி கிளம்பும். நோயும் அப்படித்தான். நல்ல உவமை என்று எனக்கே தோன்றியது.

ஞாயிறு காலை ஆலங்காயம் பக்கமிருந்து காரை ஏற்றினேன். சின்ன வயதில் கீழேயிருந்து பார்த்த மலை, உள்ளே போனால் வேறு மாதிரி இருந்தது. வளைவுகளைத் தாண்டியதும் சமவெளி போலப் பரந்த நிலம், சாமை அறுவடை நடந்துகொண்டிருந்த காடுகள், அரசாங்கம் கட்டிக்கொடுத்த சிமெண்டு வீடுகள். ஜமுனாமரத்தூரில் காரை நிறுத்திவிட்டு நர்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். கடைசிக் கொஞ்ச தூரம் ஸ்கூட்டரும் போகாது, நடந்தோம்.

சிறுமி வாசலில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் ஆட்டுக்கொட்டகை மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஊசி கையிலேயே வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். தட்டியின் இடைவெளியில் உப்பிய கன்னம் தெரிந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எழுந்து உட்காரத் தெம்பில்லாத பிள்ளை. அவள் ஓடியதைப் பார்த்ததில் எனக்கே ஒரு கணம், இவளுக்கு இன்னும் என்ன நோய் என்று தோன்றியது. ஊர் சொன்னதில் தப்பில்லை.

அவள் அம்மா பாயை விரித்துவிட்டு, மோர் கொண்டுவந்தாள். நான் உண்ணிச்செடியை ஆரம்பித்தேன். வேர் வரைக்கும் போகவில்லை, அவள் நிறுத்திவிட்டாள்.

"கத வேணாங்க டாக்டரம்மா. இன்னும் கீதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க, புரிஞ்சுது. எத்தினி வாட்டி வரணும், எத்தினி நாளு தங்கணும், அதச் சொல்லுங்க. சின்னவன எங்க அக்கா வூட்ல வுடணும். ஆட்ட யாரு பாக்கறது? அதுக்குத் தோதா சொல்லுங்க."

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து, முதல் ஆறு மாதத்துக்கு எந்தெந்த வாரம் வர வேண்டும், எத்தனை நாள் தங்க வேண்டும் என்று எழுதினேன். அதன்பின் வீட்டிலேயே மாத்திரை, மாதம் ஒருமுறை வந்தால் போதும், மொத்தம் இரண்டரை வருடம் என்றேன். அவள் விரல் மடக்கிப் பார்த்து, "ஆவும்" என்றாள். ஒரே சொல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருதாங்க. எதுக்குன்னே சொல்லமாட்டேன்றாரு" என்றாள்.

அவர் காட்டிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த அரிவாளைச் சுவரோரம் வைத்துவிட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏண்ணா, பாப்பாவ இட்டுனு வரமாட்டேன்றீங்களாமே?"

கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா? வார்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன?"

சுவரோரம் வைத்த அரிவாளை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். நர்ஸ் ஏதோ சொல்லப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வந்தா திருப்பிக் கேப்பீங்க" என்றார் அவர்.

"இன்னா கேப்பேன்?"

"காயம் எப்பிடி வந்துச்சுன்னு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் எங்கள் யாரையும் பார்க்காமல், ஆட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தும் சிறுமி தூங்கிவிட்டாள். ஆடுகள் சாமைக் காட்டில் புகுந்து பாதி வயலை மேய்ந்துவிட்டன. ஆத்திரத்தில் புளிய விளாரை ஒடித்து முதுகிலும் கையிலும் நாலு வைத்தார். மறுநாள் அந்த இடமெல்லாம் கறுத்துப்போனது. மூன்றாம் நாள் அடி படாத இடமும் கறுத்தது. அதோடு காய்ச்சல்.

"நான் அடிச்சதுலதாங்க ரத்தம் கெட்டுப்பூட்ச்சு. நீங்க ஊசியப் போட்டு சரி பண்ணிக் குடுத்துட்டீங்க. திரும்பவும் இட்டாந்தா, அங்க வேற டாக்டருங்க கேப்பாங்க, எப்பிடியும் கண்டுபுடிச்சிடுவாங்க. புள்ளய எங்கிட்ட குடுக்கமாட்டாங்க. அதான்."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் யாருகிட்டயும் சொல்லலப்பா."

ஒரு மாதம் முழுக்க வார்டில் இருந்தவள். நானும் நர்ஸ்களும் எத்தனையோ தடவை அவளிடம் பேசியிருக்கிறோம். ஊசி குத்தும்போது அழுதிருக்கிறாள், சோற்றுக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். இதைச் சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த ஒன்பது வயது மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இது நான் கலங்கி உட்கார வேண்டிய நேரமில்லை. எனக்குத் தெரிந்ததை, தெரிந்தபடி, ஒரு பிசிறில்லாமல் சொல்ல வேண்டிய நேரம். எழுந்து அவர் எதிரே போய் நின்றேன்.

"அண்ணா, இங்க பாருங்க. நீங்க அடிச்சதால நோய் வரல. நோய் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. ஆட்டப் பாக்காம புள்ள தூங்கிட்டான்னு சொன்னீங்களே, எப்பவும் அப்பிடித் தூங்குவாளா?"

"மாட்டாங்க. ஓடிக்கினே இருப்பா."

"அன்னிக்கு ஏன் தூங்கினா? ஒடம்புல ரத்தம் கொறைஞ்சுபோச்சு, அதான். நோய் அப்பவே உள்ள இருந்துது. அடிபட்டா ரத்தம் கசியாம அடைக்கறதுக்குன்னு நம்ம ரத்தத்துல ஒரு அணு இருக்கு. அவளுக்கு அது இல்லாமப் போயிருந்துது. அதனாலதான் கறுத்துப்போச்சு. நல்லா இருக்கற புள்ளய அடிச்சிருந்தா ரெண்டு நாள்ல மறைஞ்சிருக்கும். அடியால நோய் வரல. நோய் இருந்ததால அடி அப்பிடித் தெரிஞ்சுது."

"நெஜமாவா சொல்றீங்க?"

"பத்து வருஷத்துக்கு மேல இதே வேல செய்யறேன். உங்களுக்காகப் பொய் சொல்ல இவ்ளோ தூரம் வரமாட்டேன்."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தலையை ஆட்டினார். மனைவியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஆனா அடிச்சது தப்புதான்" என்றேன். "அது வேற விஷயம். இனிமே கை வெக்கக் கூடாது."

"வெக்கமாட்டேங்க" என்றார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிறுமி தட்டியை விலக்கிக்கொண்டு வந்து, அவர் முழங்காலில் சாய்ந்து நின்றாள். நர்ஸ் மோர்ச் சொம்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

கொஞ்சநேரம் கழித்து அவர் உள்ளே போய், சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். "இப்பவே போலாங்களா?" என்றார்.

நாளைக்கு பஸ்ஸில் வாருங்கள் என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் மாற்றிய சட்டையைப் பார்த்ததும் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. சின்னவனை அவன் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு ஜமுனாமரத்தூர் வந்து, என் காரிலேயே கீழே இறங்கினோம். மலைவளைவில் சிறுமி என் கார் சீட்டில் வாந்தியெடுத்தாள். அவள் அம்மா பதறிப்போய்த் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அந்த வாடை போக ஒரு வாரம் ஆனது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வார இடைவெளி விளையாட்டில்லை. மறுபடி மஜ்ஜையைச் சோதித்து முடிவு வரும்வரை லேபுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டிருந்தேன். நோய் திரும்பியிருக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

அந்த மலைப்பயணம் எங்கள் ஏற்பாடுகளையும் மாற்றிவிட்டது. ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக்காக அவர்களைக் கீழே வரை இழுப்பது அநியாயம் என்று எனக்குப் பட்டது. ஜமுனாமரத்தூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்து, முடிவை நர்ஸ் எனக்குப் போனில் அனுப்புவது, நான் மாத்திரை அளவைச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். இந்த வைத்தியத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தாமதிக்கக் கூடாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, கிருமி ரத்தத்தில் இறங்கினால் சில மணிநேரம்தான் அவகாசம். ஆகவே கிருமியை அடக்கும் முதல் ஊசியை மலையிலேயே போட்டு அனுப்ப நர்ஸுக்குக் கற்றுக்கொடுத்து, மருந்தையும் அங்கேயே வைத்தோம். சக டாக்டர்கள் சிலர், இதெல்லாம் நடக்கிற காரியமா என்றார்கள். நடக்கும் என்றேன்.

அடுத்த வருடம் ஆடி மாதம் அதற்குச் சோதனை வந்தது. ஒரு நாள் முற்பகல் சிறுமிக்குக் குளிர்காய்ச்சல். அவர்கள் ஊரில் வீட்டிலிருந்து பேசினால் டவர் கிடைக்காது. அவள் அப்பா மழையில் பாறை மேல் ஏறி நின்று நர்ஸுக்குப் பேசினார். நர்ஸ் அரைமணியில் போய் ஊசியைப் போட்டார். வாடகை ஜீப் பிடித்து அமிர்தி வழியாகக் கிளம்பினார்கள். பாதி வழியில் மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. திருப்பிக்கொண்டு ஆலங்காயம் வழியாக இறங்கி, நாலு மணிக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, கை கால் சில்லிட்டிருந்தது. ஆனால் மருந்து உள்ளே போய் ஐந்து மணிநேரம் ஆகியிருந்தது. அந்த ஊசி மட்டும் இல்லாவிட்டால் அவள் வந்து சேர்ந்திருக்க மாட்டாள். இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அவள் அப்பா வெளியே பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தார். நான் வந்து போகும்போதெல்லாம் எழுந்து நின்றார். ஆனால் தலை குனியவில்லை. "இன்னாங்க நெலம?" என்று ஒவ்வொரு தடவையும் நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டார். மூன்றாம் நாள் காலை சிறுமி கண்ணைத் திறந்து, "கறுப்பி குட்டி போட்டுச்சா?" என்றாள். கறுப்பி அவர்கள் வீட்டு ஆடு. "ரெண்டு" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் வெளியே போய்த் தேநீர் குடித்தார்.

இரண்டரை வருடம் ஓடியது. சொன்ன நாளில் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தார்கள். மாத்திரை நின்றது. கன்னம் எப்போதோ வடிந்து, முகம் அவள் அம்மாவைப் போல நீளமாகிவிட்டது.

இப்போதெல்லாம் நோயைப் பற்றிச் சொல்லும் முதல் நாளிலேயே வீட்டுப் பெரியவர்களை மட்டும் தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு ஒன்று சொல்கிறேன். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை, செய்யாமல் விட்டதாலும் வரவில்லை. சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். கொஞ்சம் பொறுத்தால் அவர்கள் மனதில் இருப்பது வெளியே வரும். வயிற்றில் இருக்கும்போது கிரகணத்தன்று வெளியே வந்ததால் என்று ஒரு அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் போனை வைத்துத் தாலாட்டுப் பாட்டுப் போட்டதால் என்று ஒரு அப்பா. குலதெய்வத்துக்கு மொட்டையடிப்பதைத் தள்ளிப்போட்டதால் என்று ஒரு தாத்தா. ஒவ்வொருவரும் மூட்டை சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அதை இறக்கிவைக்க ஒரு இடம் கொடுத்துவிட்டால், மிச்ச வைத்தியத்தை அவர்கள் என்னோடு சேர்ந்து செய்கிறார்கள். மருந்தின் அளவைக் கணக்கிடுவதில் எனக்கு இருக்கிற நிச்சயம் இப்போது இதிலும் இருக்கிறது.

அந்தச் சிறுமிக்கு இப்போது பதினாறு வயது. மலையிலேயே அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறாள். போன தடவை வந்தபோது என்னைவிட உயரமாக நின்றாள். இப்படிப் பிழைத்த பிள்ளைகள் சில பேர், நானும் டாக்டர் ஆவேன், நர்ஸ் ஆவேன் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அந்த ஆசையில் நானும் கேட்டேன்.

"பெரிய கிளாஸ் வந்துட்டே. படிச்சுட்டு இன்னா ஆவப்போற?"

"ஃபாரஸ்ட்டருங்க. பரீட்ச எழுதணும். ஜீப்புல காட்டச் சுத்தலாம்."

"ஆஸ்பத்திரி வேல வேணாமா?"

அவள் மூக்கைச் சுருக்கினாள். "ஐயே, வேணாங்க. வாசனையே புடிக்காது எனக்கு. நீங்கெல்லாம் எப்பிடித்தான் நாள் முச்சூடும் இதுக்குள்ளயே கெடக்கறீங்களோ" என்றாள், நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டு. அவள் அப்பா, "ஏய், டாக்டரம்மாகிட்ட இன்னா பேச்சு" என்று அதட்டினார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், கொஞ்சம்கூடப் பயமில்லாமல்.